குதிரைலாட நண்டை வீட்டுத் தொட்டியில் வளர்க்கலாமா? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். அவர்களுக்குத் தொட்டி அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். ரீல்ஸில் யாரோ ஒருவர் உள்ளங்கையில் குட்டிக் குதிரைலாட நண்டை வைத்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, அது ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வளர்க்கலாமா, கூடாதா?

கூடாது. சட்டம் இடம் கொடுக்காது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வீட்டுத் தொட்டியில் அது பட்டினி கிடந்துதான் சாகும். அந்தச் சாவுக்கு மாதக்கணக்கில் ஆவதால் வளர்ப்பவருக்கு அது புரிவதே இல்லை. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் கீழே அதிகம் பேசப்போகிறேன். சட்டம் என்றதும் "யார் வந்து பார்க்கப்போறா?" என்று கேட்பவர்கள்கூட இதைக் கேட்டால் யோசிக்கிறார்கள்.

இது எந்த வகை நண்டு?

நண்டே இல்லை. சிலந்தி, தேள் கூட்டத்துக்குத்தான் இது சொந்தம். நண்டுக்கும் இறாலுக்கும் இருப்பதுபோல் உணர்கொம்பு கிடையாது, தாடையும் கிடையாது. கால்களின் அடிப்பகுதியில் முள்முள்ளாக இருக்கும் பகுதியால் இரையை அரைத்து, நடுவிலுள்ள வாய்க்குள் தள்ளும். அதனால் காலை அசைத்தால்தான் அதனால் மெல்ல முடியும். புத்தகத் தாள்கள் போல அடுக்கடுக்கான செவுள்களால் மூச்சு விடும். வாள் போல நீண்டிருக்கும் வால், கவிழ்ந்தால் ஊன்றி எழுவதற்கும் திசை திருப்புவதற்கும்.

கனடாவின் மானிடோபாவில் கிடைத்த இதன் மூதாதையரின் புதைபடிவம் சுமார் 44.5 கோடி ஆண்டுகள் பழையது. இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். ஒன்று வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் இருக்கிறது. மற்ற மூன்றும் ஆசியாவில். அவற்றில் இரண்டு நம் நாட்டில் இருக்கின்றன, பெரும்பாலும் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில். வாலை வைத்து அவற்றைப் பிரித்தறியலாம். டாக்கிப்ளியஸ் கைகாஸ் இனத்தின் வாலைக் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக இருக்கும், கார்சினோஸ்கார்பியஸ் இனத்துக்கு உருண்டையாக இருக்கும். முன்னது மணற்கரையை விரும்பும், பின்னது அலையாத்திக் காட்டுச் சேற்றை.

சட்டம் என்னதான் சொல்கிறது?

இந்தியாவில் உள்ள இரண்டு இனங்களும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கின்றன. பிடிப்பது, விற்பது, வாங்குவது எல்லாமே குற்றம். கடல் குதிரை, கடல் அட்டை, பவளப்பாறை ஆகியவற்றுக்கும் இதே சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே "பவளக் கல்லு கொண்டுவந்து தரேன்" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

"அப்போ அமெரிக்க இனத்தை வரவழைக்கலாமே?" என்று விவரம் தெரிந்த சிலர் கேட்பார்கள். கடல் உயிர்களை உயிரோடு இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதியும், தனிமைப்படுத்திப் பரிசோதிக்கும் நடைமுறையும் உண்டு. பார்சலில் பாலிதீன் பையோடு வந்து இறங்குகிற சமாசாரம் அல்ல இது. அப்படி வந்தால் அந்த வழியே தவறு.

வெளிநாட்டில் கடையிலேயே விற்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி?

விற்கிறார்கள் என்பது உண்மைதான். அமெரிக்காவில் கட்டைவிரல் அளவுக் குட்டிகளை, தொட்டி மணலைக் கிளறிச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்பது பழைய வழக்கம். விற்பதால் அது வீட்டில் வாழும் என்று ஆகிவிடாது. அங்கேயும் அனுபவமுள்ளவர்கள் வாங்காதே என்றுதான் சொல்கிறார்கள்.

மணலைச் சுத்தம் செய்யும் பிராணி என்றால் நல்லதுதானே?

இந்தப் பிரச்சினையின் வேரே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அது மணலைக் கிளறுவது உங்கள் தொட்டியைச் சுத்தமாக்க அல்ல. மணலுக்குள் இருக்கும் புழு, சிறு சிப்பி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் பூச்சிகள், இவற்றைத் தேடித்தான் உழுதுகொண்டே போகிறது. கடலில் அலை ஏறி இறங்கும் சேற்றுவெளியில் இந்த இரைக்குப் பஞ்சமில்லை. நான்கு அடித் தொட்டியில் மொத்தம் எவ்வளவு இருந்துவிடும்? முதல் சில வாரங்களில் அத்தனையும் தீர்ந்துபோகும். தொட்டி பளிச்சென்று இருப்பதைப் பார்த்து வைத்திருப்பவர் மகிழ்ந்துபோவார். ஆனால் மணல் சுத்தமாகிவிட்டது என்றால் அதற்குத் தின்ன ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. கடல்நீர்த் தொட்டியில் மணலுக்குள் வாழும் அந்தச் சிற்றுயிர்கள்தான் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுபவை. அவற்றை வழித்துத் தின்ன ஒரு பிராணியை விட்டுவிட்டு, பிறகு ஏன் அமோனியா ஏறுகிறது என்று டெஸ்ட் கிட்டை மாற்றிக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

மீன் பட்டினி கிடந்தால் வயிறு ஒட்டும், நமக்குத் தெரியும். இதற்கு மேலே கெட்டியான ஓடு. உள்ளே சதை வற்றினாலும் வெளியே அதே உருவம், அதே நடை. ஒருநாள் அசையாமல் கிடக்கும். "நேத்துவரை நல்லாத்தானே இருந்துச்சு" என்பார்கள். நேற்றுவரை நன்றாக இருந்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சரி, நானே தினமும் இறால் துண்டு கொடுத்தால்?

மிதக்கவிட்டாலோ பக்கத்தில் போட்டாலோ போதாது. மற்ற மீன்கள் முந்திக்கொள்ளும். இது இரையைக் கண்டுபிடிப்பதே கால்களால் தடவி, மோப்பம் பிடித்து, மெதுவாகத்தான். வெளிநாட்டில் சிலர் அதை மல்லாத்திப் பிடித்து, கால்களுக்கு நடுவே சிப்பிச் சதையை வைத்து ஊட்டுகிறார்கள். செய்ய முடியும். ஆனால் அமெரிக்க இனம் பருவத்துக்கு வரவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும், வாழ்நாள் 20 ஆண்டுகள் வரை போகும். அத்தனை காலமும் ஊட்ட வேண்டும். திருமணத்துக்கு, திருவிழாவுக்கு, தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நாட்களில் யார் ஊட்டுவார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

கட்டைவிரல் அளவில் வாங்கும் குட்டி, அமெரிக்க இனத்தில் பெண்ணாக இருந்தால், வாலோடு சேர்த்து 60 சென்டிமீட்டர் வரை வளரும். அதாவது இரண்டு அடி. நம் வீடுகளில் இருக்கும் மூன்றடி, நான்கடித் தொட்டியில் அதால் திரும்பக்கூட முடியாது. உயரம் அதற்குத் தேவையில்லை, தரைப்பரப்புதான் வேண்டும். அது புதைந்து மறையும் அளவுக்கு ஆழமாகப் பொடி மணல், மூலை இல்லாத சுற்றுச்சுவர், கவிழ்ந்து விழாத அமைப்பு. இதெல்லாம் பொதுக் காட்சியகங்களின் பெரிய குளங்களில் நடக்கும். கல் அடுக்கி அலங்காரம் செய்த வீட்டுத் தொட்டியில் இது அடியில் உழுதுபோனால் கற்கள் சரிந்து அதன் மேலேயே விழும்.

ஓடு உரித்து வளர்வதால் இடம் இன்னும் முக்கியம். வயதுக்கு வருவதற்குள் 16, 17 முறை உரிக்கும். ஓட்டின் முன் விளிம்பு பிளந்து, அந்தத் திறப்பு வழியாக முன்னோக்கி வெளியே வரும். அந்த நேரத்தில் உடம்பு மெத்தென்று இருக்கும், மற்ற மீன்கள் கொத்தினால் அதோடு முடிந்தது.

வேதாரண்யம் உப்பைக் கரைத்துக் கடல்நீர் தயாரிக்கலாமா?

குதிரைலாட நண்டுக்கு மட்டுமல்ல, எந்தக் கடல்நீர்த் தொட்டிக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. பக்கத்திலேயே மலைபோல் உப்பு குவிந்து கிடக்கும்போது காசு கொடுத்து வெளிநாட்டு உப்புப் பொட்டலம் வாங்குவானேன் என்கிற நியாயம் எனக்கும் புரிகிறது.

ஆனால் சரிவராது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கும். அதில் பெரும்பகுதி சாப்பாட்டு உப்பு என்றாலும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாம் சேர்ந்தால்தான் அது கடல்நீர். உப்பளத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை வற்றவைத்து எடுக்கும்போது கால்சியம் சார்ந்தவை முதல் பாத்திகளிலேயே படிந்துவிடும், சாப்பாட்டு உப்பு அதற்குப் பிறகுதான் படியும். மக்னீசியம் சார்ந்தவை அடியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். சமையலுக்கு அதுதான் நல்லது, கடல் உயிருக்கு அது பற்றாது. ஓடு கட்டும் உயிர்களுக்குக் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல் முடியாது. மேலும் பாக்கெட் உப்பில் அயோடின் சேர்த்திருப்பார்கள், கட்டிபடாமல் இருக்க வேறு பொருளும் கலந்திருக்கும்.

அப்படியானால் கடலிலிருந்தே கேனில் பிடித்து வரலாமே?

வரலாம், இடமும் காலமும் பார்த்து. பழையாறு பக்கம் கொள்ளிடம் கடலில் சேர்கிறது, பூம்புகாரில் காவிரி. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் நன்னீர் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரமே உப்பு குறைந்துவிடும். துறைமுகத்தில் டீசல் மிதக்கும். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்து உப்பளவைப் பார்க்காமல் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

செம்புக் குடத்துத் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றக்கூடாது என்று போனில் சொன்னீர்களே, அது ஏன்?

கும்பகோணத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! வீட்டுக்கு வீடு செம்பும் பித்தளையும் இருக்கிற ஊர். பித்தளையிலும் செம்பு உண்டு. நமக்கு நல்லது என்று செம்புப் பாத்திரத்தில் ராத்திரி பிடித்துவைத்த தண்ணீரை அப்படியே தொட்டிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இறால், நண்டு, நத்தை, குதிரைலாட நண்டு என்று முதுகெலும்பு இல்லாத எதற்கும் தண்ணீரில் கரைந்த செம்பு விஷம், செவுளைக் கெடுக்கும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் கொடுக்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு இருக்கிறது, பாட்டிலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

விசித்திரம் என்னவென்றால் குதிரைலாட நண்டின் ரத்தமே செம்பை வைத்துத்தான் ஓடுகிறது. நம் ரத்தத்தில் இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பதுபோல் அதில் ஹீமோசயனின் என்ற செம்புப் பொருள் சுமக்கிறது. அதனால்தான் நீலம். உடம்புக்குள் கட்டுக்குள் இருக்கும் செம்பு வேறு, வெளியிலிருந்து செவுளில் படும் செம்பு வேறு.

அந்த நீல ரத்தம் லட்சக்கணக்கில் விலை போகுமாமே? வளர்த்து விற்கலாமா?

யாரோ உங்களுக்கு ஆசை காட்டியிருக்கிறார்கள். பணம் கேட்டிருந்தால் கொடுத்துவிடாதீர்கள்.

ரத்தத்தின் பயன் உண்மை. ஊசி மருந்திலும் தடுப்பூசியிலும் பாக்டீரியாவின் நச்சு துளி இருந்தாலும் இந்த ரத்த அணுக்களின் சாறு உறைந்து காட்டிக்கொடுத்துவிடும். 1956இல் ஃபிரெடரிக் பாங் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த உறைதலைப் பற்றி எழுதினார், பிறகு ஜாக் லெவினோடு சேர்ந்து அதைச் சோதனை முறையாக்கினார். 1977இல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு முன்பு முயலுக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் கடலில் பிடித்து, ஒரு பங்கு ரத்தம் எடுத்துவிட்டுத் திரும்பக் கடலில் விடுகிறார்கள், அதில் ஒரு பகுதி செத்தும்போகிறது. உரிமம் பெற்ற ஆய்வகங்கள் செய்யும் வேலை அது. வீட்டில் வளர்த்து லிட்டர் கணக்கில் விற்க இங்கே சந்தையும் இல்லை, சட்டத்தில் இடமும் இல்லை.

ரத்தமே தேவைப்படாத மாற்றும் வந்துவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும், நம் நாட்டிலும் உள்ள அந்த உருண்டை வால் இனத்தின் மரபணுவை எடுத்து, உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தார்கள். ஐரோப்பிய மருந்துத் தர நூல் 2021 முதல் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

வெயிலும் மின்வெட்டும் தாங்குமா?

தஞ்சாவூர்ச் சித்திரை வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் கடல்நீர்த் தொட்டி எதுவும் கஷ்டம்தான். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். அமெரிக்க இனம் பழகியது இதைவிடக் குளிர்ந்த கடல். மின்வெட்டைப் பொறுத்தவரை, 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறிய பிறகு வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். இன்வெர்ட்டர் ஒரு ராத்திரிக்குக் காற்று மோட்டாரை ஓட்டும். அதற்கு மேல் எந்தத் தொட்டியும் தப்புவது கடினம்.

கடிக்குமா, கொட்டுமா?

இல்லை. வாலில் விஷம் கிடையாது, கொடுக்கும் பலமற்றது.

சாப்பிடலாமா?

வேண்டாம். சட்டம் ஒருபுறம். உருண்டை வால் இனத்தின் முட்டையைத் தின்று தாய்லாந்தில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு அதில் இருக்கிறது. சமைத்தாலும் போகாது.

ஆன்லைனில் "டைனோசர் கால நண்டு முட்டை" என்று பொட்டலம் விற்கிறார்களே?

அது ட்ரையாப்ஸ். மேலோட்டமாகப் பார்த்தால் குட்டிக் குதிரைலாட நண்டு மாதிரியே இருக்கும், ஆனால் இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. நன்னீரில், மழைக்காலக் குட்டைகளில் வாழும். முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து தண்ணீர் பட்டதும் பொரிக்கும், இரண்டு மூன்று மாதத்தில் ஆயுள் முடிந்துவிடும். வெளிநாட்டு இனத்தின் முட்டையாக இருந்தால் அதற்கும் இறக்குமதி விதி உண்டு. எந்த ஊர்ச் சரக்கு என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

ஏற்கனவே ஒன்று வாங்கிவிட்டேன். அரசலாற்றில் விட்டுவிடலாமா?

நன்னீரில் விட்டால் செத்துவிடும். வெளிநாட்டு இனம் என்றால் கடலிலும் விடக்கூடாது. தொட்டியிலிருந்து யாரோ இரக்கப்பட்டு விட்டுப்போன டேங்க் கிளீனர் மீன் இன்று ஆற்றிலும் குளத்திலும் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது, அது போதாதா? மாவட்ட வன அலுவலகத்துக்குச் சொல்லி ஒப்படைப்பதுதான் முறை. பயந்துகொண்டு ஒளித்துவைப்பதைவிட நீங்களாகச் சொல்வது நல்லது. அதுவரை கல்லையெல்லாம் எடுத்துவிடுங்கள், செம்பு கலந்த மருந்து எதையும் போடாதீர்கள், சிப்பி அல்லது இறால் சதையைக் கையால் ஊட்டுங்கள்.

வலையில் வந்தாலோ, கரையில் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாலோ?

வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள், மூட்டு பிய்ந்துவிடும். வால் போனால் அடுத்த முறை கவிழும்போது அதற்கு எழ வழியில்லை. ஓட்டின் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துத் திருப்பி, தண்ணீரில் விடுங்கள். வெயிலில் செவுள் காய்ந்துவிடும் என்பதால் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறதே?

ஒடிசாவில் பாலசோர் பக்கம் சண்டிப்பூர் கடற்கரைக்குப் போய்வாருங்கள். அங்கே வற்றம் வந்தால் கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும். முட்டையிட வரும் ஜோடிகளைப் பார்க்க பௌர்ணமி, அமாவாசை நாட்களின் ஏற்றம் பார்த்துப் போக வேண்டும். ஆண், பெண்ணின் முதுகைப் பிடித்துக்கொண்டே கரைக்கு வரும். ரயில் செலவு, கடல்நீர்த் தொட்டியின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு நல்ல ஸ்கிம்மர் வாங்கும் செலவைவிடக் குறைவுதான்.

சரி, அதற்குப் பதிலாக நண்டு மாதிரி எதைத்தான் வளர்ப்பது?

வயல் நண்டு! டெல்டாவில் இருந்துகொண்டு இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். வரப்பில் ஓட்டை போட்டுத் தண்ணீரை வடியவிடுகிற பிராணி என்று விவசாயி திட்டுவார், சளிக்கு ரசம் வைக்கப் பிடிப்பார்கள், அவ்வளவுதான் அதன் மரியாதை. தொட்டியில் வைத்துப் பார்த்தால் நாள் முழுக்கப் பார்க்கலாம்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால், கோடை முழுக்க வளையின் ஆழத்தில் கிடந்த நண்டுகள் மேலே வரும். அப்போது பிடிக்கலாம். குருணை மருந்து போட்ட வயலில் பிடிக்காதீர்கள், வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் போய்விடும். உப்புத் தண்ணீர் வேண்டாம், ஸ்கிம்மர் வேண்டாம். இரண்டடித் தொட்டி, பாதிக்கு வயல் மண்ணும் மணலும் மேடாக, மீதிக்கு நாலு விரற்கடைத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்துவைத்து குளோரின் போனபின் ஊற்றுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு நண்டு, இரண்டு போட்டால் காலை உடைத்துக்கொள்ளும். மூடி கட்டாயம், அதன் மேல் ஒரு கல்லும் வையுங்கள். ஃபில்டர் குழாயைப் பிடித்தே ஏறி வெளியே போய்விடும்.

மட்கிய இலை, கீரைத் தண்டு, எப்போதாவது கருவாட்டுத் துண்டோ நத்தையோ போதும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். திடீரென்று சாப்பிடாமல் வளைக்குள்ளேயே இருந்தால் ஓடு உரிக்கப்போகிறது, தோண்டிப் பார்க்காதீர்கள். உரித்த ஓட்டை அதுவே தின்றுவிடும், அதையும் எடுக்க வேண்டாம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் சிவப்பு நண்டு அழகாக இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அது காப்புக்காடு, அங்கிருந்து எதையும் எடுத்து வரக்கூடாது.

பிடித்த வயல் நண்டின் வயிற்று மடிப்பில் முட்டை இருந்தால்?

திரும்பப் பிடித்த இடத்திலேயே விடுவது நல்லது. வைத்துக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் பிரித்துவைத்து, தொந்தரவு செய்யாமல் விடுங்கள். கடல் நண்டுக் குஞ்சுகள் மிதவையாக அலைந்து உருமாறும். வயல் நண்டு முட்டையிலிருந்தே நண்டு வடிவில் வந்து, கொஞ்ச நாள் தாயின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். வெளியே இறங்கத் தொடங்கியதும் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்து அதே வரப்பில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். தொட்டியில் அத்தனைக்கும் இடம் கிடையாது, ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்துவிடும்.